கோப்பையின் அடியில் ஒரு பெயர்

மட்டாஞ்சேரியில் பழைய ஜாடிக்கு மவுசு. பாண்டிச்சேரியில் புதிய கோப்பைக்குக் கிராக்கி. ஆனால் மண்ணை வனைந்தவனின் பெயருக்கு?

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதர் ஜெப ஆலயத்துக்குள் நுழைபவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காரணம் பக்தி மட்டும் அல்ல. 1568இல் கட்டப்பட்ட இந்த ஆலயத்தின் தரை முழுவதும் சீனத்திலிருந்து வந்த நீல, வெள்ளைப் பீங்கான் ஓடுகள். 18ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டது. ஒரே மாதிரியான மரமும் கிளையும் பூவும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனாலும் குனிந்து உற்றுப் பார்த்தால் ஓர் ஓட்டில் கோடு தடித்திருக்கும், பக்கத்து ஓட்டில் மெலிந்திருக்கும். ஓரிடத்தில் தூரிகை அவசரப்பட்டிருக்கும், இன்னோரிடத்தில் நிதானித்திருக்கும். சல்மான் ருஷ்டி 1995இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் இந்த ஓடுகளுக்கு மாயசக்தியே கொடுத்துவிட்டார்.

ஓடுகளைத் தருவித்துப் பதித்தவர் யார் என்று கேட்டால் உள்ளூரில் உடனே பதில் வரும்: எசக்கியேல் ரஹாபி. டச்சுக் கம்பெனியோடு வாணிபம் செய்த பெரும் புள்ளி. வரைந்தவர்கள் யார் என்றால் பதில் இல்லை. யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆலயத்தை விட்டு வெளியே வந்தால் யூதத் தெரு. 1948க்குப் பிறகு யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட, மிளகு, சுக்கு மணம் வீசிய கிட்டங்கிகள் பல பழம்பொருள் கடைகளாக மாறின. மரத்தூண்கள், வெண்கல உருளிகள், பித்தளைப் பூட்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே வயிறு பருத்த ஜாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மலையாளத்தில் இவற்றுக்குப் பரணி என்று பெயர். ஒரு காலத்தில் கேரளத்து வீடுகளில் மாங்காயும் உப்பும் எண்ணெயும் இருந்த பாத்திரம் இது. இன்று ஓட்டல் வரவேற்பறைகளிலும் மாநகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் காலியாக நின்று அழகு காட்டுகிறது.

தமிழில் பீங்கான், மலையாளத்தில் பிஞ்ஞாணம். மலாய் மொழியில் தட்டுக்குப் பெயர் பிங்கான். பாத்திரத்தோடு சொல்லும் கப்பலேறித் திரிந்திருக்கிறது. 2014இல் கொல்லம் துறைமுகத்தில் தூர் வாரியபோது சீன நாணயங்களோடு பீங்கான் சில்லுகளும் வெளிவந்தன. மேற்குக் கடற்கரைக்கு மண்பாண்டம் சேகரிப்பது புதிய பழக்கம் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

புதிது எது என்றால், பழைய ஜாடிக்கு விலை கேட்கும் அதே வர்க்கம் இப்போது புதிதாக வனைந்த கோப்பையையும் தேடிப் போகிறது. புதையலுக்கு உரிய மரியாதையோடு அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, அடியில் இருக்கும் முத்திரையைப் படிக்கிறது. படிக்க அங்கே ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஓட்டில் எழுதிய பெயர்கள்

பெயர் எழுதிய பானை தமிழருக்கு அந்நியமல்ல. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் உள்ளன. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள குசேர் அல் கதீமில் அகப்பட்ட ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஓட்டில் ‘பானை ஒறி’ என்றே எழுதியிருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். ஆனால் ஓடுகளில் காணும் ஆட்பெயர்கள் பாத்திரத்தை வைத்திருந்தவர்களுடையவை என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. வாங்கியவன் பெயர் எழுதப்பட்டது. வனைந்தவன் பெயர் மண்ணோடு போயிற்று.

கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் குழு நடத்திய அகழாய்வில் உள்ளூர்ப் பானை ஓடுகளும் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. பண்டைய முசிறி இதுவே என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள். எண்ணி, வகைப்படுத்தி, வேண்டாம் என்று ஒதுக்கிய ஓடுகளை ஓவியர் விவான் சுந்தரம் கேட்டு வாங்கினார். 2012இல் தொடங்கிய முதல் கொச்சி-முசிறி பியன்னாலேயில் அந்தச் சில்லுகளால் ஒரு கற்பனை நகரத்தையே தரையில் பரப்பி, அதில் தண்ணீரும் மிளகும் பாய்ந்து வருவதைப் படம் பிடித்தார். ‘கறுப்புத் தங்கம்’ என்று அதற்குப் பெயர். 2023இல் அவர் மறைந்தார். குப்பை என்று தள்ளிய ஓடு கலைப்பொருளானதைப் பார்க்க வந்த கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு, மண்ணும் கலைக்கு ஊடகம்தான் என்ற எண்ணம் முதன்முதலாக உறைத்திருக்கும்.

ஜப்பானில் முளைத்த விதை

ஸ்டுடியோ மட்பாண்டம் என்பது ஒரு மனிதர் அல்லது சிறு குழு, தம் பட்டறையிலேயே மண் கலந்து, வனைந்து, மெருகு பூசி, சூளையிட்டு முடிக்கும் பாண்டம். தொழிற்சாலைப் பீங்கானிலிருந்து அது வேறு, குலத்தொழில் பானையிலிருந்தும் வேறு. இங்கிலாந்தின் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானின் ஷோஜி ஹமாதாவும் 1920இல் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஆங்கிலக் கடலோர ஊரில் அமைத்த பட்டறையை இந்த இயக்கத்தின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்றாகக் கொள்வது வழக்கம்.

இதில் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1919இல் மட்பாண்டத் தொழில் கற்க ஜப்பானுக்குப் போன பஞ்சாபி இளைஞர் குருசரண் சிங், அங்கே லீச், ஹமாதா, சிந்தனையாளர் யனாகி ஆகியோரின் வட்டத்தில் பழகினார். திரும்பி வந்து நெடுங்காலம் கழித்து 1952இல் டெல்லி புளூ ஆர்ட் பாட்டரியைத் தொடங்கினார். 1991இல் பத்மஸ்ரீ பெற்றார், 1995இல் காலமானார். சுதந்திர இந்தியாவில் ‘படித்தவர்களும் பானை வனையலாம்’ என்ற எண்ணத்துக்கு அவரே பிள்ளையார் சுழி. பரோடா கலைக் கல்லூரியில் ஐரா சவுத்ரியும், அவருக்குப் பின் பூனைகளையும் தாமரை மொட்டுகளையும் மண்ணில் வடித்த ஜோத்ஸ்னா பட்டும் (2020இல் மறைந்தார்) அந்த எண்ணத்துக்கு நீர் வார்த்தார்கள்.

யனாகி போற்றியது பெயர் அறியாத கைவினைஞனை. அழகு என்பது ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் இல்லாத கையிலிருந்து பிறக்கிறது என்பது அவர் கட்சி. ஹமாதா அதை ஒரு விரதமாகவே மேற்கொண்டு, மஷிக்கோ கிராமத்தில் குடியேறிய பிறகு தன் பாண்டங்களில் கையெழுத்திடுவதை விட்டுவிட்டார். சேகரிப்பவர்கள் விடுவார்களா? பாண்டத்தை வைக்கும் மரப்பெட்டியில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்று ஏலத்தில் பெட்டியோடு வரும் ஹமாதாவுக்குத் தனி மதிப்பு. பெயரைத் துறந்தவரின் பெயருக்குத்தான் விலை.

பாண்டிச்சேரிப் பாலம்

கேரளத்தில் நல்ல மண் இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கல், கொல்லத்தை அடுத்த குண்டறை ஆகிய இடங்களின் வெண்களி நாடறிந்தது. இருந்தும் தென்னிந்தியாவில் ஸ்டுடியோ மட்பாண்டம் ஓர் இயக்கமாக வேரூன்றியது கிழக்குக் கரையில், பாண்டிச்சேரியில். அங்கும் பக்கத்திலேயே ஒரு பழைய துறைமுகம்: அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி எடுத்த ரோமானியப் பாண்டத் துண்டுகளை வைத்துத்தான் தென்னிந்திய வரலாற்றுக்கு முந்திய காலங்களுக்கு ஆண்டுக் கணக்கு வகுக்க முடிந்தது.

1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் ஆதரவில் பாண்டிச்சேரியில் ஒரு பட்டறை போட்டார்கள். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று பெயர். டெபோராவுக்கு ஜப்பானிய மொழி தெரியும். அமெரிக்கக் குயவர் சூசன் பீட்டர்சன் ஹமாதாவைப் பற்றிய நூலுக்காக மஷிக்கோ போனபோது மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றவர் அவரே. ரே கட்டடக்கலை படிக்கப் போய் மண்ணுக்கு வந்தவர்.

கிழக்கே கற்ற தொழிலை டெபோரா சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சவுக்கு விறகு எரியும் சூளையில் தட்டும் கிண்ணமும் தேநீர்க் கெண்டியும் வெந்து வந்தன. 1980களில் ரே மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். மும்பை, டெல்லி, ஐதராபாத், பெங்களூர் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தார்கள். வினீத் கக்கர், அஞ்சனி கன்னா, மாத்வி சுப்ரமணியன், ஷர்பானி தாஸ்குப்தா, ஆரோவில்லில் மண்டலா பட்டறையில் வேலை செய்யும் ஆதில் ரைட்டர் என்று இன்றைய இந்திய மட்கலையின் முன்வரிசைப் பெயர்களில் கணிசமானவை அந்தப் பட்டறையில் கால் பதித்தவை. 2018இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் நடந்த முதல் இந்திய மட்கலை முப்பாண்டு விழாவையும், 2024இல் டெல்லியில் நடந்த இரண்டாவதையும் முன்னின்று நடத்தியவர்களிலும் அவர்களில் சிலர் இருந்தார்கள்.

ரே மீக்கர் அதோடு நிற்கவில்லை. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் யோசனையைப் பிடித்துக்கொண்டு, பச்சை மண் கல்லால் கவிந்த கூரையோடு வீடு கட்டி, அதற்குள் செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாள் கணக்கில் எரித்தார். உள்ளே வெந்த சரக்கை விற்றால் வீட்டின் செலவு கட்டுப்படியாகும் என்பது கணக்கு. 1980களிலும் 90களிலும் பல வீடுகள் அப்படி எழுந்தன. அவர் எதிர்பார்த்ததுபோல் ஏழைகளின் வீட்டு வசதிக்கு அது வழியாகவில்லை. அனுபவம் 2018இல் புத்தகமாக வந்தது.

நெருப்பு வைக்கும் பரீட்சை

இந்தக் கோப்பைக்கு ஏன் இவ்வளவு விலை? கடைக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் சூளைக்குள் இருக்கிறது.

கிராமத்துப் பானை ஏறக்குறைய 700 முதல் 900 டிகிரி வரையிலான வெப்பத்தில் வேகிறது. அதன் உடம்பில் நுண்துளைகள் தங்கிவிடும். தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வதும் அதனால்தான், மீன்குழம்புச் சட்டி அடுப்புத் தீயைத் தாங்குவதும் அதனால்தான். ஸ்டுடியோ குயவர்கள் பெரிதும் விரும்பும் கல்மட்பாண்டம் 1,200 டிகிரிக்கு மேல், பலரிடம் 1,280 முதல் 1,300 டிகிரி வரை போகிறது. அந்த வெப்பத்தில் மண்ணே இறுகிக் கல்லாகிவிடும். தண்ணீர் கசியாது. ஆனால் அதை நேராக அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். பாட்டி வீட்டுச் சட்டி செய்யும் வேலையை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கிண்ணம் செய்யாது!

வனைந்த பாண்டம் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கவில்லை என்றால் விரிசல். முதலில் ஒருமுறை மிதமான சூட்டில் வேகவைத்து, பிறகு மெருகில் முக்கி, மறுபடி சூளையேற்ற வேண்டும். மெருகு என்பது அடிப்படையில் கண்ணாடி. மணல், சுண்ணாம்பு, சாம்பல், உலோகத் துகள் சேர்ந்தது. நெல் உமிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி, விறகுச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. இரண்டும் நல்ல மெருகுச் சரக்கு. சூளைக்குள் காற்றைக் குறைத்தால் பச்சையாக வரவேண்டிய செம்பு ரத்தச் சிவப்பாகிறது. இரும்பு பழுப்பை விட்டுவிட்டுக் கடல்பச்சை ஆகிறது. விறகுச் சூளையில் பறக்கும் சாம்பல் பாண்டத்தின் தோளில் படிந்து தானே உருகி மெருகாகிவிடும். அது எங்கே படியும், எப்படி வழியும் என்பது எரிப்பவருக்கே முழுதாகத் தெரியாது. சூளை ஆறி, கதவுக் கல்லை எடுக்கும் வரை எல்லாம் நெருப்பின் இஷ்டம். ஒட்டிக்கொண்டவை, வெடித்தவை, கோணியவை போக மிஞ்சுவதுதான் விற்பனைக்கு. உடைந்தவற்றின் விலையையும் உடையாதவை சுமக்க வேண்டும்.

முத்திரை யாருடையது?

விலைக்கு இன்னொரு காரணம் பெயர். கோல்டன் பிரிட்ஜில் அன்றாடப் புழக்கத்துக்கான சரக்கைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொழிலாளர்கள். அந்தப் பாண்டத்தில் பட்டறையின் முத்திரை. மாணவர்களாக வந்து கலைஞர்களாகப் போனவர்களின் பாண்டத்திலோ அவரவர் கையெழுத்து. ஒரே மண், ஒரே சூளை. ஒன்று சமையலறைக்குப் போயிற்று, மற்றது காட்சிக்கூடத்துக்கு.

சேகரிப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் கலைச் சந்தையும் பெயரில்தான் நடக்கிறது. ஆனால் தொழில் பரவியது பெயரில்லாதவர்கள் வழியாக. பட்டறையில் கற்றவர்கள் வெளியே போய்ச் சொந்தமாகச் சூளை போட்டார்கள். அவர்களிடம் கற்றவர்கள் இன்னும் சில சூளைகள் போட்டார்கள். நாளடைவில் பாண்டிச்சேரியிலும் ஆரோவில் சாலையிலும் சிறு பட்டறைகள் பெருகி, ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்பதே ஒரு ரகத்தின் பெயராகிவிட்டது. இதைப் போலி என்பாரும் உண்டு, பரம்பரை என்பாரும் உண்டு. பார்த்துச் செய்வது திருட்டு என்றால் உலகத்தில் எந்தக் குயவனும் யோக்கியன் அல்ல. சீனத்து நீல வெள்ளைப் பீங்கானையே பார்த்து ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரக் குயவர்கள் படித்தது ஊரறிந்த கதை. பிரச்சினை நகலில் அல்ல, பங்கில்: மாதிரியை உருவாக்கியவருக்குப் புகழ், செய்துகொடுத்த கைக்குக் கூலி என்ற பழைய பங்கீடு புதிய பட்டறைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அருவாக்கோட்டுப் பாடம்

பெயரே வேண்டாம், பிழைப்பு கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் குலத்தொழில் குயவர்கள். கேரளத்தில் நிலம்பூர் அருகே அருவாக்கோடு என்ற குயவர் கிராமத்தில், அலுமினியமும் எவர்சில்வரும் வந்தபின் பானை வாங்க ஆளில்லை. வறுமை பல பெண்களைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளியது. 1990களில் அங்கே வந்த வடிவமைப்பாளர் கே.பி. ஜினன், ‘கும்பம்’ என்ற அமைப்பின் மூலம் கட்டடங்களுக்கான சுவரோடுகள், தோட்ட அலங்காரங்கள், சிற்பங்கள் செய்யும் பக்கம் அவர்களைத் திருப்பினார். சட்டி கேட்காத சந்தை சுவரோடு கேட்டது. இழந்த மானத்தின் ஒரு பகுதியாவது திரும்பியது.

கைத்திறன் இருந்தால் போதாது, மண்ணும் வேண்டும். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலைக் காக்க வந்தது. தேவையான சட்டம்தான். ஆனால் வயலில் களி எடுத்தே பழகிய குயவருக்குக் கதவு குறுகியது. தமிழ்நாட்டிலும் ஏரி மண்ணுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவது நெடுநாள் குறை. வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று விவசாயிகளும் குயவர்களும் இலவசமாக மண் எடுக்க 2024இல் தமிழக அரசு வழி செய்தது. மாநகரத்து ஸ்டுடியோ குயவர் மண்ணை மூட்டையில் விலைக்கு வாங்குகிறார். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அங்கீகாரம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாண்டிச்சேரி வில்லியனூரில் குலத்தொழிலாகச் சுடுமண் சிற்பம் செய்யும் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குருசரண் சிங்குக்குக் கிடைத்த அதே விருது. ஆனால் சேகரிப்பவரின் அலமாரியில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இடம் பெறுவது இன்னமும் அபூர்வம்.

திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

மட்பாண்டம் சேகரிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழகான முகத்தை அல்ல, அடிப்பாகத்தை. மெருகு படாத அந்த வளையத்தில்தான் மண்ணின் நிறமும் கையின் சுத்தமும் தெரியும். விரலால் சுண்டினால் நன்கு வெந்த கல்மட்பாண்டம் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் மொத்தென்று காட்டிக்கொடுக்கும். கையில் எடுத்தால் கண் எதிர்பார்த்த எடையே இருக்க வேண்டும். மெருகில் மெல்லிய வலைபோன்ற கீறல்கள் அலங்காரப் பாத்திரத்துக்கு அழகு, உணவுப் பாத்திரத்துக்குக் கறை பிடிக்கும் வழி. ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் களிமண்ணே அல்ல. அது படிகக் கல் பொடியும் கண்ணாடித் தூளும் சேர்ந்தது, பார்க்க அழகு, கொதிக்கும் காப்பிக்கு ஏற்றதல்ல.

பழைய ஜாடி வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் புதையல் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே யூதத் தெருவில் ‘முந்நூறு வருஷத்துச் சீன ஜாடி’ என்று ஒருவர் சொல்லி, அடுத்த மூச்சிலேயே ‘வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகிறேன்’ என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய். புதிய பாண்டத்துக்கு இந்த வம்பு கிடையாது. வனைந்தவர் உயிரோடு இருக்கிறார், கேட்டால் பதில் சொல்வார்.

சேகரிப்பவருக்கு உண்மையான அதிகாரம் கிடைக்கும் இடம் அதுதான். சூளை எரித்தது யார், சக்கரத்தில் உட்கார்ந்தது யார், மெருகு கலந்தது யார் என்று வாங்குபவர் கேட்கத் தொடங்கினால், அடுத்த கோப்பையின் அடியில் ஒன்றுக்கு இரண்டாகப் பெயர்கள் ஏறலாம். கேட்காவிட்டால் ஏறப்போவதில்லை.

மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் நாள்தோறும் எத்தனையோ பாதங்கள் அந்த நீல மரங்களின் மேல் நடந்து போகின்றன. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நிறம் மங்கவில்லை. சூளை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. தருவித்தவரின் பெயர் கல்லிலும் ஏட்டிலும் நிற்கிறது. தூரிகை பிடித்தவர்களைப் பற்றி இனிக் கேட்க ஆளில்லை. இன்று மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கும் கைகளைப் பற்றிக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.